கரண்ட் போனால் லிஃப்ட் தானாக இறங்கும்

லிஃப்ட்டை இயக்கும் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனியில் கையேடு எழுதுபவள் ஜெனிட்டா. முதலாளி சபாநாயகம் உறுமினார்.

“கரண்ட் போனா லிஃப்ட் தானா இறங்கிக் கதவைத் திறக்கும்னு எழுதும்மா.”

“அதை நாம இன்னும் செய்யவே இல்லையே சார்.”

“அப்புறம் செஞ்சுக்கலாம். எழுது, இல்லாட்டி வீட்டுக்குப் போ.”

எழுதினாள்.

மறுநாள் கம்பெனி லிஃப்ட்டிலேயே டெமோ. வாங்க வந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா அந்த வரியைப் படித்துவிட்டு, “இது போதும். ஐ.சி.யூ. நோயாளிங்களை இதுலதான் ஏத்தப்போறோம்” என்றார்.

ஜெனிட்டா மெயின் சுவிட்சில் கை வைத்தாள்.

“சார், நீங்க ஏறி மேல போங்க. பாதி வழியில நான் கரண்டை நிறுத்துறேன். டாக்டரம்மா நேர்லயே பார்க்கட்டும்.”

சபாநாயகம் லிஃப்ட் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

“ஏறுங்க சார்” என்றார் டாக்டரம்மா.

“அது... அடுத்த மாசம்தான் ரெடியாகும்.”

“அப்ப அந்த வரியும் அடுத்த மாசமே வரட்டும் சார்” என்று சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள் ஜெனிட்டா.