நான்கு சாண் தூரம் போன கடிதம்

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன், ஆனால் பதில் தெரிந்தவர்கள் மட்டும் கதை கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் சட்டம் படித்தவளே தடுமாறிப் போனாள், நாமெல்லாம் எம்மாத்திரம்? நான்கு சாண் தூரத்தைக் கடக்க ஒரு கடிதம் ஆறு நாள் எடுத்துக்கொண்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சங்கரன்கோவில் கோர்ட்டு வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடும் டவாலி வேலாயுதம். அவர் மகள் கோமதி ஜெர்மனியில், ஒரு சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்தில், ஐரோப்பியச் சட்டமும் ஒப்பீட்டுச் சட்டமும் படித்தாள். ஒரே வழக்குக்கு இங்கிலாந்தில் என்ன தீர்ப்பு, பிரான்சில் என்ன தீர்ப்பு, ஜெர்மனியில் என்ன தீர்ப்பு என்று அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற படிப்பு. "எம் மவ ஒரு வழக்குக்கு மூணு தீர்ப்பு சொல்லுவா" என்று ஜட்ஜ் ஐயாவிடமே வேலாயுதம் பெருமையடித்திருந்தார்.

முதல் ஆண்டு முடிந்தது. இரண்டாம் ஆண்டுக்கு இடம் தருவதாகக் கடிதம் வந்தது. கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் பதினைந்தாம் தேதி வியாழக்கிழமைக்குள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: இது ஓர் ஒப்பந்தம், இந்த நாட்டு ஒப்பந்தச் சட்டமே இதற்குப் பொருந்தும். இடம் போனால் விசாவும் போய்விடும். பிறகு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பதின்மூன்றாம் தேதி செவ்வாய் காலையிலேயே கோமதி கடிதத்தோடு அலுவலக வாசலுக்குப் போனாள். கதவு இன்னும் திறக்கவில்லை. சுவரில் இரண்டு பெட்டிகள். சாம்பல் நிறப் பெட்டி பல்கலைக்கழகத்தினுடையது, மஞ்சள் பெட்டி தபால்துறையினுடையது. இரண்டுக்கும் நடுவே நான்கு சாண் இருக்கும். நீங்களும் நானுமாக இருந்தால் சாம்பல் பெட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவள் படித்தவளாயிற்றே! இங்கிலாந்துச் சட்டப்படி, சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த நொடியிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும், வழியில் தொலைந்தாலும் பாதகமில்லை. கையால் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. நம் ஊர்ச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். முந்தின வாரம்தான் இதைப் பாடமாகக் கேட்டிருந்தாள். எது பாதுகாப்பு என்று யோசித்து யோசித்து, மஞ்சள் பெட்டியில் போட்டாள்.

உள்ளூர்க் கடிதம் மறுநாளே போய்ச் சேருகிற ஊர் அது. இந்தக் கடிதத்தின் மேலும் பதின்மூன்று என்று முத்திரை விழுந்தது. புதன்கிழமை காலையில், யாரும் எதிர்பாராத நேரத்தில், தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திங்கட்கிழமைதான் கடிதம் சாம்பல் பெட்டிக்கு வந்தது.

அலுவலகத்தில் ஹெல்கா அம்மாள் உறையைத் திருப்பிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். வேலைநிறுத்தம் அவருக்குத் தெரியாததல்ல, தங்கை அனுப்பிய பார்சல் வரவில்லையென்று அந்த வாரம் முழுக்கப் புலம்பியவர்தான். வந்த தேதியைக் குறித்து, கெடு தாண்டிய கடிதங்களுக்கான டிராயரில் போட்டுச் சாத்தினார். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினாறு நாள் கழித்து, புது அடையாள அட்டை வாங்கப் போன கோமதியிடம்தான் விஷயத்தைச் சொன்னார்.

"உங்கள் சம்மதம் நேரத்துக்கு வரவில்லை. நாளைக் காலை காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவரை அழைக்கிறோம்."

"தபாலில் போட்டபோதே சம்மதம் முடிந்துவிட்டது, அம்மா!"

"அது இங்கிலாந்தில். இங்கே கைக்கு வந்தால்தான் கணக்கு."

கோமதி திரும்பி நடந்தாள். எப்படி அறைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அறைத்தோழி நிரோஷினி, யாழ்ப்பாணத்துக்காரி, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னடி செய்தனீ? பக்கத்திலதானே மற்றப் பெட்டி கிடந்தது!"

"அதான் ஏட்டி! படிக்காம இருந்திருந்தா அதுலதான் போட்டிருப்பேன். எங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அழுதாள். அப்பா கோர்ட்டு வாசலில் தன் பெயரையே மூன்று முறை கூப்பிடுவது போலவும், பதில் சொல்ல ஆளில்லாதது போலவும் இருந்தது. அப்போது மணி மூன்று. நான்கு மணிக்கு அலுவலகம் மூடிவிடும். மேஜைமேல் அவளுடைய பாட நோட்டு கிடந்தது. அதில் தாமதமாக வரும் கடிதங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தாள், தூக்கக் கலக்கத்தில்.

இப்போது சொல்லுங்கள். போட்டதும் முடிந்தது என்கிறாள் கோமதி. வந்தால்தான் கணக்கு என்கிறார் ஹெல்கா அம்மாள். தபால் முத்திரையையும் அந்த டிராயரையும் மறக்காமல் யோசியுங்கள். இந்த இடம் கோமதிக்கு உண்டா, இல்லையா?

விடை: உண்டு. ஆனால் அவள் சொன்ன காரணத்துக்காக அல்ல. பொடி எழுத்து வரியால் இங்கிலாந்துச் சட்டம் இங்கே எடுபடாது. கடிதம் வந்தால்தான் கணக்கு என்று ஹெல்கா அம்மாள் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சரி. வழக்கம்போல் போயிருந்தால் நேரத்துக்கு வந்திருக்கும் என்று முத்திரையிலேயே தெரிகிற கடிதம் தாமதமாக வந்தால், தாமதத்தை அனுப்பியவருக்கு உடனே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் அது நேரத்தோடு வந்ததாகவே ஆகும். அந்த நாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஹெல்கா அம்மாளின் பதினாறு நாள் மௌனமே கோமதிக்கு இடத்தைக் கொடுத்துவிட்டது. இது அவள் நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஊரார் வழக்குகளுக்காக எழுதியதைத் தன் வழக்குக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை, பாவம். நிரோஷினிதான் புரட்டிக் காட்டினாள். மூன்றே முக்காலுக்குக் கோமதி மூச்சிரைக்க அலுவலக மேஜை முன் நின்று, அந்த அரைப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். ஹெல்கா அம்மாள் டிராயரைத் திறந்து, முத்திரையை ஒரு முறை பார்த்து, பட்டியலில் அடுத்தவருக்கு எழுதி வைத்திருந்த அழைப்பைக் கிழித்துப் போட்டார். பிறகு, "உட்காருங்கள்" என்றார்.