வெட்டிய மூலை

கோதண்டபாணி சாருக்கு குரு என்று ஒருவர் உண்டென்றால் அது பரிமளா டீச்சர்தான். குரு சிஷ்யரைவிட நாலைந்து வயது சின்னவர். இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பிரம்பும் வாய்ப்பாடுமாக அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவர் கோதண்டபாணி. தலைமை ஆசிரியையான பரிமளா ஒருநாள் அவர் மேசையில் தீக்குச்சிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, "இதுல ரெண்டு குச்சியை எடுத்துட்டு, ரெண்டே ரெண்டு சதுரத்தை மிச்சம் வைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாப்பாட்டு மணி அடித்தது கோதண்டபாணியின் காதில் விழவில்லை. மறுநாளே பிரம்பு பீரோவுக்குப் பின்னால் போயிற்று. அதன்பிறகு புளியங்கொட்டை, நூல், காகிதம் என்று கையில் எடுத்துச் செய்கிற கணக்குத்தான்.

போன வருடம் முழுக்க டீச்சர் நேரம் கிடைத்தபோதெல்லாம் ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அந்த நாட்களில் கோதண்டபாணியின் குரலே வேறு. சாக்பீஸ் பிடிக்கிற அழகே வேறு.

இந்த ஜூனில் பி பிரிவுக்குக் கணக்கு எடுக்க செலின் என்று ஒரு பெண் வந்தாள். படிப்பை முடித்த கையோடு வந்தவள். அவளுக்கும் தீக்குச்சியில்தான் தொடங்கி வைத்தார் டீச்சர். அன்றிலிருந்து அவர் உட்காருகிற கடைசி பெஞ்சு பி பிரிவுக்கு மாறிவிட்டது.

ஏ-வுக்கும் பி-க்கும் நடுவில் இருப்பது பேருக்கு ஒரு சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். தும்மலையாவது தாங்கிக்கொள்ளலாம். அங்கே எந்நேரமும் சிரிப்பு. கணக்கில் அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கோதண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே சிரிப்பு போன வருடம் தன் வகுப்பில் கேட்டபோது அவர் அதைக் கல்வி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, தாகமே இல்லாத மனிதர் தண்ணீர் குடிக்கக் கிளம்பினார். போகிற வழியில் பி பிரிவின் ஜன்னல்.

உள்ளே ஆளுக்கொரு பழைய செய்தித்தாள். அதில் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு முக்கோணம். ஒல்லியாக ஒன்று, குண்டாக ஒன்று, கோணிக்கொண்டு ஒன்று. மூன்று மூலைகளையும் கையால் பிய்த்து, மூலைமுனைகளை ஒரே புள்ளியில் சேர்த்து, பெஞ்சின் விளிம்பை ஒட்டி வைத்தார்கள். எந்த முக்கோணமானாலும் சேர்ந்த துண்டுகள் விளிம்போடு நேராக வந்து நின்றன.

"டீச்சர், என்னோடது கோணல் முக்கோணம். அதுவும் நேரா வந்துடுச்சு" என்றான் ஒருவன், ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி.

கோதண்டபாணியின் கண் போனது அங்கே அல்ல. கடைசி பெஞ்சில் பரிமளா டீச்சரும் ஒரு தாளைப் பிய்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைகளோடு பிள்ளையாக.

அவர் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டார்.

மறுநாள் அதே பாடத்தைத் தானும் எடுப்பது என்று முடிவானது. ஆனால் செய்தித்தாள் எதற்கு? கலர் சார்ட் வாங்கினார். பிய்ப்பது என்ன பழக்கம்? பிள்ளைகளுக்குப் புதுக் கத்தரிக்கோல் வாங்கினார். முக்கோணங்களை ஸ்கேல் வைத்து அவரே வரைந்தார். காலையில் டீச்சரைப் பார்த்து, "இன்னைக்கு நம்ம கிளாஸ்ல ஒரு செய்முறை வச்சிருக்கேன்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். கடைசி பெஞ்சைத் துடைத்து வைக்கவும் செய்தார்.

டீச்சர் வரவில்லை.

பிள்ளைகள் மூலைகளைக் கச்சிதமாக வெட்டினார்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டும் நீலமும் சிவப்புமாகக் குட்டி முக்கோணமாக நின்றது. பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம் அவற்றைச் சேர்த்தார்கள். ஒருத்திக்கு மலை மாதிரி எழும்பியது. ஒருவனுக்கு நடுவில் ஓட்டை விழுந்தது. எப்படியோ இரண்டு பேருக்கு நேராக வந்தது. ஏன் வந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு. அதற்குள் டீச்சரின் சிரிப்பும் தனியாகக் கேட்டது. முன் பெஞ்சு முத்தழகு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒழுங்கா வை, வரும்" என்றார் கோதண்டபாணி, அவள் பக்கம் திரும்பாமல். பிறகு மணி அடிக்கப்போகிற அவசரத்தில், மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்பது என்று போர்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, வெட்டிய துண்டுகளை ஒரு அட்டைப் பெட்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு டீச்சரின் அறைக்குப் போனார். டீச்சர் அன்றைய தீக்குச்சிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க சார்."

"இந்தப் புதிர், விளையாட்டு, செய்முறை. இதெல்லாம் நிஜமாவே பிள்ளைங்களுக்கு நல்லதா? வரவர சத்தம்தான் ஜாஸ்தியாகுது. பிள்ளைங்க நல்லதுக்காகத்தான் கேக்கிறேன்."

டீச்சர் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு நீலத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதுல எது சார் முக்கோணத்தோட மூலை?"

கோதண்டபாணி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். எல்லாப் பக்கமும் கத்தி மாதிரி நேராக இருந்தது.

"மூணும் மூலை மாதிரித்தான் இருக்கு."

டீச்சர் மேசையில் கிடந்த செய்தித்தாளில் ஒரு முக்கோணத்தை மடித்து எடுத்து, அதன் ஒரு மூலையைப் பிய்த்துக் கொடுத்தார்.

"இதுல?"

"இதோ, இது."

"எப்படிச் சொல்றீங்க?"

"மத்த பக்கம் பிய்ஞ்சிருக்கே டீச்சர்."

சொன்னதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. காலையில் பிள்ளைகள் நிஜ மூலை எதுவென்று தெரியாமல் வெட்டிய முனைகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிந்தது.

"இப்ப உங்க கேள்வியைக் கேளுங்க சார்."

"அதான் கேட்டேனே. பிள்ளைங்க நல்லதுக்கு..."

"அது கத்தரிக்கோல் போட்ட மூலை சார்."

கோதண்டபாணி நீலத் துண்டைப் பெட்டியில் திரும்பப் போட்டார். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேரு இருக்கில்ல டீச்சர். வெளியில இருந்து பார்க்கிறவங்க..."

"அதுவும்தான்."

டீச்சர் மறுபடி தீக்குச்சிகளை அடுக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் அடுக்கினார். ஏதாவது சொல்லித் திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது கோதண்டபாணிக்கு.

"நீங்க என் கிளாஸுக்கு வர்றதே இல்லை" என்றார் திடீரென்று. குரல் அவருக்கே பிடிக்காதபடி உடைந்து வந்தது. "அந்தப் பொண்ணு வந்த நாள்லேருந்து அங்கேயே உக்காந்திருக்கீங்க. அங்க சிரிப்புச் சத்தம் கேட்டா எனக்கு வயிறு எரியுது டீச்சர். நேத்து வந்த பொண்ணு. அவ நல்லா எடுக்கிறா. அது தெரிஞ்சுதான் எரியுது."

டீச்சரின் கை நின்றது.

"இது மூலை" என்றார்.

கோதண்டபாணி கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் மூச்சு ஒழுங்காக வந்தது. கொஞ்சம் தைரியமும் வந்தது.

"அப்போ நாளைக்கு வருவீங்களா டீச்சர்?"

"போன வருஷம் பூரா வந்தேனே சார். கிளாஸ் நிறையப் பிள்ளைங்க இருந்தாங்க. நீங்க பாடம் நடத்தினது எனக்கு மட்டும்தான்."

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். பிள்ளைங்க ஒண்ணு சொல்லி, நான் என்னைக்குக் காது கொடுக்காம இருந்திருக்கேன்?"

டீச்சர் கடைசித் தீக்குச்சியையும் வைத்துப் பெட்டியை மூடினார்.

"இன்னைக்கு முத்தழகு, 'எனக்கு நேரா வரலை சார், நேரா வரலை சார்'னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். எனக்குக் கேட்டுச்சு."