படிக்க முடிந்த மருந்துச் சீட்டு

கல்வத்தில் குழவி உருளும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கரகர, கர, கரகர. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அரசு ஆஸ்பத்திரி காம்பவுண்டர் மாத்திரைகளைப் பொடித்து, காகிதத்தில் மடித்து, சன்னல் வழியாக நீட்டுவார். ஒன்றும் கேட்க மாட்டார். ஒன்றும் சொல்ல மாட்டார். வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேருக்குக் குணமாயிற்று. மீதிப் பேர் குறை சொல்லத் திரும்பி வரவில்லை.

கேட்டுக் கேட்டு மருந்து கொடுத்தவர்களின் கதை இது. மேலக்குளப்பாடியில் ஒரே ஒரு மருந்துக் கடை. அதில் மூன்று பேர். கடைக்காரர் தாமோதரம். அவர் மனைவியின் தம்பி சிற்றம்பலம். மூன்றாவது ஆள் கோதண்டம். எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி, எந்த மருந்து எதற்கு என்பதுதான் தெரியாது. மூன்று பெயரும் 'ம்' என்று முடியும். மூன்று பேரும் எதைச் சொன்னாலும் 'ம்' என்று தலையாட்டுவார்கள். ஊருக்கு அதில் குறை இருந்ததில்லை.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. சளி, தேமல், வாய்ப்புண் என்று பன்னிரண்டு சில்லறை உபாதைகளுக்கு இனி மருந்துக் கடைக்காரரே நோயாளியைப் பரிசோதித்து, சீட்டு எழுதி, மருந்து கொடுக்கலாம். சில நிபந்தனைகள் உண்டு. பரிசோதிப்பவர் வெள்ளைக் கோட்டு அணிய வேண்டும். மறைவான இடத்தில் பரிசோதிக்க வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வியையும் விடக் கூடாது. சீட்டு எழுதியவர் வேறு, அதைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவர் வேறாக இருக்க வேண்டும்.

மூவரும் அதை மூன்று முறை படித்தார்கள். பிறகு அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்தார்கள்.

முதல் நோயாளி நாதஸ்வர வித்வான் உமாபதி. கீழ் உதட்டின் உள்பக்கம் புண். மறுநாள் காலை ஏழரைக்குக் கோயில் தர்மகர்த்தா பஞ்சநதத்தின் மகளுக்குக் கல்யாணம். அதில் நன்றாக வாசித்தால் கோயில் உத்தியோகம் உமாபதிக்கு. இல்லையென்றால் கும்பகோணத்திலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவதாகப் பஞ்சநதம் நேரிலேயே சொல்லிவிட்டார். ஊர் டாக்டரோ பேரனுக்குக் காது குத்தப் பழநிக்குப் போயிருந்தார்.

"தாமோதரம், ஊதுற சீவாளி உதட்டுல பட்டா உயிர் போவுது. அதோ, அந்த நீல டியூபை எடு. போன தடவை அதான் போட்டேன், ஒரே நாள்ல கேட்டுது" என்றார் உமாபதி.

போன தடவை அரை நிமிஷத்தில் அந்த டியூப் கைக்கு வந்திருந்தது.

"அது அப்போ, வித்வான். அப்போ நாங்க விக்கிறவங்க. இப்போ பரிசோதிக்கிறவங்க" என்று சொல்லி, கடையிலிருந்த ஒரே வெள்ளைக் கோட்டைத் தாமோதரம் மாட்டிக்கொண்டார். பின்னால் இருந்த சரக்கு அறைக்கு உமாபதியை அழைத்துப் போய், ஒரு பச்சைத் திரையை இழுத்துவிட்டார். படிவத்தைப் பிரித்தார்.

"வயசு ஒன்றுக்குக் கீழா?"

"எனக்கு அம்பத்திரண்டு."

"கீழா, மேலா?"

"மேலேதான்யா!"

"நோயாளி கர்ப்பமா?"

"யோவ், நான் ஆம்பளை."

"எனக்குத் தெரியுது வித்வான். படிவத்துக்குத் தெரியணுமே."

திரைக்கு வெளியே இருந்த சிற்றம்பலத்தின் குரல் வந்தது. "அத்தான், அவசரப்பட்டு இல்லைன்னு போட்டுடாதீங்க. வயிறு கொஞ்சம் இருக்கு."

"ஊதுறவனுக்கு வயிறு இருக்காதாடா?" என்று உமாபதி கத்தினார். கத்தியதில் உதடு பல்லில் பட்டு, கண்ணில் நீர் வந்துவிட்டது. தாமோதரம் 'அழுகிறார்' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஒன்பதாவது கேள்வியில் சிக்கல் வந்தது. புண்ணை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சரக்கு அறையில் வெளிச்சம் இல்லை. வெயில் தெருவில் இருந்தது. தெருவில் மறைவு இல்லை. மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"வெளிச்சத்தை உள்ளே கொண்டாற முடியுமா?" என்றார் தாமோதரம்.

"முடியாது அண்ணே. ஆனா மறைவை வெளியே கொண்டுபோலாம்" என்றார் கோதண்டம்.

அப்படியே செய்தார்கள். உமாபதியை நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சிற்றம்பலம் ஒரு பக்கமும் கோதண்டம் ஒரு பக்கமும் பச்சைத் திரையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே தாமோதரம் உதட்டை இழுத்துப் பார்த்தார். திரையைக் கண்டதும் சனம் கூடிவிட்டது. சாமிக்கு அலங்காரம் நடக்கிறது என்று நினைத்து நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் சூடம் ஏற்றினாள். திரை விலகியபோது வாயைத் திறந்தபடி உமாபதி உட்கார்ந்திருந்தார். ஏற்றிய சூடத்தை வீணாக்க மனமில்லாமல் அந்த அம்மாள் அவருக்கே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனாள்.

"வாய்ப்புண்தான்" என்று தாமோதரம் அறிவித்தார். மூன்று மணி நேரத்துக்கு முன் உமாபதி சொன்னதும் அதேதான்.

மருந்து வரும்வரை நோயாளி மறைவிலேயே இருக்க வேண்டும் என்று அவரைச் சரக்கு அறைக்குள் திரும்ப உட்காரவைத்தார்கள். தாமோதரம் சீட்டு எழுதினார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர் அவர். எழுத்து முத்துமுத்தாக விழுந்தது. சீட்டைக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற சிற்றம்பலத்திடம் நீட்டினார்.

சிற்றம்பலம் பார்த்தார். முகம் மாறியது.

"அத்தான், இது போலிச் சீட்டு."

"நான்தானே மாப்ளே இப்போ எழுதினேன்?"

"இருக்கலாம். ஆனா படிக்க முடியுதே! இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கடையில நிக்கிறேன். எந்த டாக்டர் எழுதினதையாவது இப்படிப் பார்த்த மாத்திரத்துல படிச்சிருக்கோமா?"

கோதண்டம் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் படிக்க முடிந்தது. சீட்டைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். "இதைப் பார்த்து மருந்து கொடுத்தா நம்மளை உள்ளே வச்சுடுவாங்க அண்ணே."

தாமோதரம் யோசித்தார். ஞாயம்தான். சீட்டைக் கிழித்துவிட்டு இடது கையால் எழுதினார். 'வாய்' என்பது இன்னும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். 'புண்' தெரிந்தது. கடைசியில் கோதண்டம் சைக்கிளை மிதிக்க, பின்னால் கேரியரில் உட்கார்ந்து, கருங்கல் ஜல்லி கொட்டிய புதுத் தெரு முழுக்க ஒரு சுற்றுப் போய் எழுதிக்கொண்டு வந்தார்.

சிற்றம்பலம் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். தலைகீழாகத் திருப்பினார். கண் கலங்கியது. "அத்தான், இது லண்டன்ல படிச்ச டாக்டர் எழுத்து."

"சரி, மருந்தை எடு."

"என்ன மருந்து?"

"சீட்டுல இருக்கே."

"எனக்கு இது பேதி மாத்திரைன்னு படுது."

"எனக்குச் சொறித் தைலம்னு படுது" என்றார் கோதண்டம். "எழுதினவர் பக்கத்துலதானே நிக்கிறார், கேட்டா என்ன?"

தாமோதரம் அதற்குள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். "என்னைக் கேக்காதீங்க. எழுதும்போது நான் பரிசோதகர். இப்போ வெறும் கடைக்காரன். அவர் மனசுல என்ன இருந்துச்சோ, எனக்கெப்படித் தெரியும்?"

கோட்டை எடுத்து மறுபடி மாட்டிவிட்டுக் கேட்டார்கள். கோட்டுப் போட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. "எழுதறது என் வேலை. படிக்கறது உங்க வேலை. டாக்டரைப் போய் என்ன எழுதினீங்கன்னு எந்தக் கடைக்காரனாவது கேட்டிருக்கானா?"

யாரும் கேட்டதில்லை. இருவரும் தலைகுனிந்தார்கள். சிற்றம்பலத்துக்கு அனுபவம் அதிகம் என்பதால் அவர் படித்ததே சரி என்று முடிவாயிற்று. மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு உமாபதியிடம் கொடுத்தார்கள்.

"டியூப் கேட்டேனே?"

"பெரிய மருந்து வித்வான். உள்ளே போய் வேலை செய்யும்" என்றார் சிற்றம்பலம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு மேடையில் உமாபதியைக் காணவில்லை. தவில்காரர் தனியாக உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பஞ்சநதத்தின் முகம் கறுத்தது. ஏழரைக்குத் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, ஐயர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கூவினார்.

மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து, தாழிட்ட குளியலறைக்குள்ளிருந்து, நாதஸ்வரம் எழுந்தது. விடியற்காலையிலிருந்து உமாபதி வாத்தியத்தோடு அங்கேதான் இருந்தார். வயிற்று வேதனையில் உதட்டு வேதனை அவருக்கு மறந்தே போயிருந்தது. நாலு சுவரிலும் மோதி, வென்டிலேட்டர் வழியாக ஏறி வந்த அந்த நாதத்தைக் கேட்டு மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பஞ்சநதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கர்ப்பக்கிரகத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துது. என்ன அடக்கம் அந்த மனுஷனுக்கு! முகத்தைக்கூடக் காட்டலை."

கோயில் உத்தியோகம் உமாபதிக்கே கிடைத்தது.

மூன்றாம் நாள் நோயாளியை மறுபடி பார்க்க வேண்டும் என்பது கடைசி நிபந்தனை. மூவரும் ஒரே கோட்டோடு உமாபதி வீட்டுக்குப் போனார்கள். புண் தானாகவே ஆறியிருந்தது. உமாபதி செருப்பைத் தேடுவதற்குள் 'பூரண குணம்' என்று எழுதிக்கொண்டு, சீட்டையும் படிவத்தோடு குத்தி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அந்தச் சீட்டு மேஜை மேஜையாக ஏறியது. படிக்க முடியவில்லை என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொருவரும் 'மிகச் சரியான சிகிச்சை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்கு அனுப்பினார்கள். ஏழாவது மேஜை மருத்துவக் கல்லூரி முதல்வருடையது. அவர் அதைக் கண்ணாடி போட்டு ஒரு முறையும், கண்ணாடி இல்லாமல் ஒரு முறையும் பார்த்துவிட்டு, எழுதியவரை உடனே வரச் சொன்னார்.

தாமோதரம் இப்போது அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறார். டாக்டராகப் போகிற பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு வகுப்பு, கையெழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்.