இன்னும் கடுமையான விரதம்

"சாமியம்மா, எனக்கு இன்னும் கடுமையான விரதம் ஒண்ணு வேணும்."

குன்றின் மேலிருந்த கரட்டு மடத்து வாசலில் நின்று அழகுமலை இப்படிக் கேட்டபோது, சாமியம்மா ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப என்ன விரதம் இருக்கே?"

"ராத்திரிச் சாப்பாடு கிடையாதுங்க. செவ்வாய், வெள்ளி உப்பு கிடையாது. செருப்புப் போடுறதில்ல. வெறுந்தரையிலதான் படுக்கிறேன். தலகாணி கிடையாது. முடி வெட்டுறதில்ல."

"எதுக்கு?"

"வேலைக்கு."

"பலிக்கலையா?"

"இல்லைங்க. பத்தலையோன்னு தோணுது."

சாமியம்மா கையைக் கழுவிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

அவனும் பார்த்தான். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. தாடியும் சடையுமாக ஒரு கிழவரை எதிர்பார்த்துக் கரடு ஏறியிருந்தான். மடத்தின் பழைய சாமியார் பெரியசாமி காலமாகி, மடம் இவர் கைக்கு வந்திருப்பது வாசலுக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஆனாலும் ஊரில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். கரட்டு மடத்தில் கொடுக்கிற விரதம் வீண்போகாது.

"என்ன படிச்சிருக்கே?"

"பி.இ. எங்க வீட்டுல காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தாங்க."

இதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. முன்பெல்லாம் ஏறும்.

பட்டம் வாங்கிய அன்று அவன் அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாயைத் தின்ற ஒவ்வொரு வாயும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறது. டீக்கடை வழியாகப் போவதையே அவன் விட்டுவிட்டான். கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைகிறான்.

"வர்ற மாசம் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில இன்டர்வியூ இருக்குங்க. இது போச்சுன்னா எனக்கு வேற வழி தெரியல."

"போன இன்டர்வியூ என்ன ஆச்சு?"

"பாதியில கண்ணு இருட்டிருச்சு. கேட்டது புரியுது. பதிலும் தெரியும். நாக்கு ஒட்டிக்கிச்சு, பேச்சு வரல."

"அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டே?"

"அன்னைக்கு முழு உபவாசங்க." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மடத்தில் சமைக்கும் ராக்காயி.

"ஆத்தாடி! முடியும் தாடியுமா, ஆடி ஆடி ஒரு ஆளு வந்து நாற்காலியில உக்காந்தா, வேலை கொடுக்க வந்தவன் திருநீறு கேட்டிருப்பானே தம்பி!"

சாமியம்மா சிரிக்கவில்லை.

"அதையெல்லாம் விட்டுட்டு, நான் சொல்றதை இருப்பியா?"

"இருக்கேன்."

"கஷ்டமா இருக்கும்."

"பரவாயில்லைங்க."

"நிறையப் பேரு பாதியில முறிச்சிருவாங்க."

"நான் முறிக்க மாட்டேன்."

அவன் மனதைத் திடப்படுத்திக்கொண்டான். பூ மிதிக்கச் சொல்வாரோ, கரட்டைச் சுற்றி உருளச் சொல்வாரோ. பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அப்பாடா, இதாவது பத்தும்.

சாமியம்மா சொன்னார்:

"மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிடணும். பாய் விரிச்சு, தலகாணி வச்சுப் படுக்கணும். சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். செருப்பு போடணும். முடியை வெட்டணும். வேலை தேடுறது, படிக்கிறது எல்லாம் பகல்ல. விளக்கு வச்ச பிறகு போனைத் தொடக் கூடாது. அந்த நேரத்துல யார்கூடயாவது உக்காந்து பேசிச் சிரிக்கணும்."

அழகுமலை காத்திருந்தான்.

"அப்புறங்க?"

"அவ்வளவுதான்."

"இது விரதமா?"

"இருந்து பாரு."

"வேலையில்லாதவன் இப்படி இருந்தா நாலு பேரு என்னங்க நினைப்பாங்க?"

"கஷ்டமா இருக்கும்னு சொன்னேனே."

கரடு இறங்கும்போது அவனுக்கு எரிச்சலாக வந்தது. பெரியசாமி இருந்திருந்தால் இப்படி விளையாடியிருக்க மாட்டார்.

ஆனாலும் சொல்லிவிட்டான். இருந்துதான் ஆக வேண்டும்.

அன்று இரவு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"அம்மா, எனக்கும் போடு."

அம்மா ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு பானையைப் பார்த்தாள். அள்ளி வைத்தாள். கரண்டி பானையின் அடியில் உரசுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

நாலு வாய் இறங்கியது.

அப்பா உள்ளே வந்தார். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். துண்டை உதறிக் கொடியில் போட்டார். மகனின் தட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கால் கழுவப் போனார்.

ஐந்தாவது வாய் தொண்டையிலேயே நின்றது.

அவன் எழுந்துவிட்டான்.

மறுநாள் மடத்துக்குப் போனான்.

"முறிச்சிட்டேங்க."

"எப்ப?"

"நேத்து ராத்திரியே."

"ஒரு பொழுது தாங்கலையா?"

"அப்பா நாள் பூரா சுமந்துட்டு வந்து நிக்கிறாரு. நான் சம்மணம் போட்டுத் தின்னுக்கிட்டு இருக்கேன். எப்படிங்க இறங்கும்?"

"அப்பா ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"அம்மா?"

"இல்ல."

"பின்ன யாரு சொன்னது?"

அழகுமலை கையைக் கூப்பினான்.

"எனக்குப் பழைய விரதமே கொடுத்திருங்க. அது சுளுவா இருந்துச்சு."

ராக்காயி கரண்டியைக் கீழே வைத்தாள். "கேட்டீங்களா சாமியம்மா? பட்டினி சுளுவாம்ல!"

சாமியம்மா சொன்னார்: "முறிச்சவன் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். போ."

அடுத்த தடவை பாயில் முறிந்தது. தலையணையில் தலை வைத்தான். யார் வீட்டிலோ புகுந்து படுத்துக் கிடப்பதுபோல் இருந்தது. தலையணையைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரைக்கே உருண்டுவிட்டான்.

அதற்கடுத்து போன். விளக்கு வைத்த பிறகு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, ஏதாவது கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தான். யாருக்குப் பயந்து ஒளிந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"வாங்க, முறிச்சவரே!" என்று ராக்காயி வரவேற்க ஆரம்பித்திருந்தாள்.

"முதல்ல இருந்து ஆரம்பி" என்பார் சாமியம்மா. திட்டியதில்லை. தேற்றியதும் இல்லை.

சனிக்கிழமை வந்தது.

கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, உச்சந்தலையிலிருந்து நல்லெண்ணெயை வழித்துவிட்டுக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிவனாண்டி மாமா.

"என்ன மாப்ள, எண்ணெய்க் குளியலெல்லாம் பலமா இருக்கு? வேலை கிடைச்சிருச்சா?"

எண்ணெய் கண்ணில் இறங்கியது.

"இல்ல மாமா."

"பின்ன என்ன விசேஷம்?"

"சனிக்கிழமை மாமா."

"ஓ..." மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "சனிக்கிழமையா. சரி, சரி."

தலை மறைந்தது.

ஓடிவிடலாம் என்று அழகுமலைக்குத் தோன்றியது. ஆனால் உடம்பெல்லாம் எண்ணெய். இந்தக் கோலத்தில் எங்கே ஓடுவது? சட்டையைக்கூடப் போட முடியாது. ஊறும்வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

உட்கார்ந்தான்.

முதுகில் வெயில் விழுந்தது. இளவெயில். சுகமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மா வந்தாள். எதுவும் கேட்காமல் அவன் தலையைப் பிடித்துப் பரபரவென்று தேய்த்தாள்.

"என்னடா இது, தலை அனலாக் கொதிக்குது!"

அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அம்மா, ராத்திரிக்கு எனக்கும் சேர்த்து உலை வைக்கிறியா?"

அவள் கை நின்றது.

"வேணாம்னு சொன்னது நீதானே. தெனம் அரிசி அளக்கையில உனக்குன்னு ஒரு பிடி அள்ளுவேன். அப்புறம் திரும்பப் போட்டுருவேன்."

"அப்பா ஒண்ணும்..."

"அப்பாவா? அன்னைக்கு நீ தட்டுல உக்காந்திருந்தேல்ல. கால் கழுவப் போன மனுஷன் என்னைக் கூப்பிட்டு, 'பய சாப்பிடுறான், நான் உள்ள வந்தா எந்திரிச்சிருவான், கொஞ்சம் பொறுத்து வர்றேன்'னாரு. அதுக்குள்ள நீ எந்திரிச்சிட்டே."

எண்ணெய் மறுபடியும் கண்ணில் இறங்கியதாக அவன் சொல்லிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் சாமியம்மா கேட்டார்: "முறிச்சியா?"

"இல்லைங்க. எண்ணெயோட எங்க ஓடுறது?"

அதன் பிறகு அவன் முறிக்கவில்லை. எளிதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இரவும் ஐந்தாவது வாயை வலிய விழுங்கினான். முடி வெட்டப் போய், கண்ணாடியில் மெலிந்த முகத்தைப் பார்த்து அவனே திடுக்கிட்டான். விளக்கு வைத்த பிறகு வாலிபால் ஆடுகிற இடத்துக்குப் போய், திட்டில் உட்கார்ந்தான். பழைய கூட்டாளிகள் கேலி பேசினார்கள். முதலில் சிரிக்கிற மாதிரி நடித்தான். ஒரு நாள் பந்து ஒருவன் மண்டையில் பட்டு எகிறி ஐஸ் வண்டிக்குள் விழுந்தபோது, நடிக்க மறந்துபோனான்.

இன்டர்வியூவுக்கு, ஒரு பஸ் முன்னதாகவே கோயம்புத்தூருக்குப் போனான். ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டான். காலில் செருப்பு இருந்தது. கண் இருட்டவில்லை. தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னான். எதிரே இருந்தவர் இரண்டு தடவை தலையாட்டினார்.

வெளியே வந்தபோது அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. விரதம் பலித்துவிட்டது.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. பகலில் போன் சும்மா கிடந்தாலும் எடுத்துப் பார்த்தான். யார் வண்டி ஹாரன் அடித்தாலும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

ஒரு மத்தியானம் பதில் வந்தது.

உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. மேலும் முயற்சிக்க வாழ்த்துகள்.

மறுபடி படித்தான். அதேதான் எழுதியிருந்தது.

நேராகக் கரடு ஏறினான்.

சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"கிடைக்கல."

"சரி."

"என்னங்க சரி? எல்லாம் இருந்தேன். நீங்க சொன்னது ஒண்ணு விடல. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். அவரு தலையாட்டினாரு. அப்புறமும் இல்லைங்கிறாங்க!"

"ம்."

"உங்க விரதம் பலிக்கல சாமியம்மா."

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. இதற்கு முன் எத்தனையோ கம்பெனி இல்லை என்று சொல்லியிருக்கிறது. அப்போதெல்லாம் அழ உடம்பில் தெம்பு இருந்ததில்லை. இப்போது இருந்தது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதான்.

சாமியம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார். ராக்காயி ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். கேலி எதுவும் பேசவில்லை.

அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"இப்ப என்னங்க பண்ணட்டும்? விரதத்தை விட்டுரட்டுமா?"

"ஒரு விரதத்தை எப்ப விடுவாங்க?"

"கேட்டது கிடைச்சதும்."

"கிடைச்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப விட முடியாது."

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினான்.

"சரிங்க. கிடைக்கிற வரைக்கும் இருக்கேன்."

"இரு. ஆனா ஒண்ணு. வேலை கிடைச்ச அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திடணும். சோறு, பாய், தலகாணி, எண்ணெய், சிரிப்பு, எல்லாம். ஒரு நாள் கூடுதலா இருக்கக் கூடாது."

"சரிங்க சாமியம்மா."

முகம் கழுவினான். கும்பிட்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

பாதிப் படியில் நின்றான்.

பிறகு திரும்பி ஏறி வந்தான்.

"சாமியம்மா."

"என்ன?"

"வேலை கிடைச்ச பிறகு நான் எதுக்குங்க பட்டினி கிடக்கணும்?"

சாமியம்மா கீரையை விட்டு நிமிர்ந்தார்.

"கிடைக்கிறதுக்கு முன்னாடி எதுக்குக் கிடந்தே?"