விருந்தாளித் தண்ணி

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது.

கடலோரத்தில் ஒரு ஊர். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், பருப்பு வேகாது. எந்த வீட்டு வாசலிலும் ரெண்டு பானை இருக்கும். ஒன்றில் அந்த உப்புத் தண்ணீர், வீட்டு ஆளுக்கு. இன்னொன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், வெளியூர் ஆளுக்கு. பெற்ற பிள்ளை அழுதாலும் அதில் கைவைக்க மாட்டார்கள்.

அந்த ஊர் மடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த சீடர் அம்பலவாணர். வந்து பல வருஷமாகி, தலையும் நரைத்தாயிற்று. அன்றைக்குக் குருவின் முன்னால் மூட்டையோடு நின்றார்.

"ஊருக்கே திரும்பிப் போறேன் சாமி."

"ஏன்?"

"இவங்க பேச்சைத்தான் பேசுறேன். இவங்க சாவுக்கு அழுறேன். இன்னமும் நான் 'தஞ்சாவூர்ச் சாமி'தான். என்னைக்குத்தான் இந்த ஊர்க்காரன் ஆவேன்?"

"குடிக்கத் தண்ணி கொண்டா."

அம்பலவாணர் மடத்து வாசல் பானையிலிருந்து மழைத் தண்ணீரை மொண்டு மரியாதையாக நீட்டினார்.

தெருவில் போன வெளியூர் வளையல்காரரைக் கூப்பிட்டு அந்தச் செம்பைக் கொடுத்தார் குரு. அவர் குடித்துப் போனதும், தானே எழுந்துபோய் உப்புப் பானையில் மொண்டு அண்ணாந்து குடித்தார். முகம் சுளித்தார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே சாமி?"

"தாகம் தீர்ந்துருச்சு. நீ கிளம்பு."

அம்பலவாணர் கிளம்பினார். வழியில், மடத்துக்குப் பழக்கமான ராக்கு என்பவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள நின்றார்.

ராக்கு மழைப் பானையில் மொண்டு நீட்டினாள். "குடிங்க தஞ்சாவூர்ச் சாமி. உங்க ஆத்துத் தண்ணி ருசி வராதுதான்."

இத்தனை வருஷமும் அதை வாங்கிக் குடித்தவர்தான். இன்றைக்குச் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம், ஒரு வாய்கூடக் குடிக்காமல், தண்ணீரை மழைப் பானையிலேயே திரும்ப ஊற்றினார். உப்புப் பானையில் மொண்டார். மடமடவென்று குடித்தார்.

"த்தூ. மாடு குடிக்குமா இதை?"

ராக்கு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நாங்கல்லாம் குடிச்சுச் செத்தா போயிட்டோம்? பேச்சைக் குறைச்சுக்கிட்டு அந்தப் படலைச் சாத்துங்கண்ணே. ஆடு நுழையுது."

அம்பலவாணர் மூட்டையை இறக்கிவைத்தார். படலைச் சாத்தினார்.