அமலியோட சத்தம்

உள்ளி, அதான் வெங்காயம், உரிக்கும்போது இந்தக் கதையைச் சொன்னா வசதி. கண்ணைத் துடைச்சா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

எங்க கடற்கரைக் கிறிஸ்தவக் கோவிலில் பாட்டுச் சொல்லித் தருகிறவர் உபதேசியார் சவரிமுத்து. சின்ன வயசிலிருந்து அவரிடம் படித்தவள் பிலோமினா. ஒருநாள் போனைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"உபதேசியாரே, கிறிஸ்மஸுக்குப் பாடுத பாலன் தாலாட்டு யாரோட பாட்டு?"

"நான் கட்டினது. நீ பாடினா பாலன் முழிச்சிருவான், அது வேற."

அவள் சிரிக்கவில்லை.

அவள் மகள் அமலி அந்தத் தாலாட்டைப் பாடிய வீடியோ போனில் ஓடியது. போன வருசம் காய்ச்சலில் அமலி போய்விட்டாள். வீடியோ எடுத்த பழைய போனும் கடலில் விழுந்துவிட்டது. நெட்டில் ஏற்றி வைத்தது மட்டும் மிச்சம். அதிலும் இப்போது சத்தம் இல்லை. பிள்ளையின் வாய் அசைகிறது, அவ்வளவுதான். பாட்டு ஏதோ கம்பெனிக்குச் சொந்தமாம், காப்பிரைட்டாம். மெஷினே கண்டுபிடித்துச் சத்தத்தை எடுத்துவிட்டதாம்.

"கேசட் காலத்துல ஒரு கம்பெனிக்கு உரிமைய எழுதிக் கொடுத்தேன்," என்றார் உபதேசியார். "கேசட்டுக்குத்தான்னு நினைச்சேன். அந்தக் கம்பெனிய இன்னொருத்தன் வாங்கிட்டான். இப்ப நெட்டுல யார் பாடினாலும் அவனுக்குக் காசு."

"நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"எழுதிப் பாப்போம்."

கம்பெனிக்கு எழுதினார்கள். பாட்டைக் கட்டினதே நான்தான் என்று கையெழுத்தும் போட்டார். உரிமை உங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

பிலோமினா கெஞ்சினாள். "அப்ப நீங்களாவது பாடுங்க. பிள்ளை வாய்க்கு ஏத்த மாதிரி. நான் மட்டும் கேட்டுக்கிடுதேன்."

அவர் வீடியோவை ஓடவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டே பாடினார். முதல் வரி பொருந்தியது. ரெண்டாவதும் பொருந்தியது. அடுத்ததில் பிள்ளையின் வாய் வேறு மாதிரி அசைந்தது. தட்டிய கை நின்றுவிட்டது.

"இங்க என்ன பாடுதா?"

"பாடல. 'யம்மா, நல்லாப் பாடுதேனா?'ன்னு கேக்கா."

"நீ என்ன சொன்ன?"

"பேசாத, பாடுன்னேன்."

உபதேசியார் வீடியோவை நிறுத்தினார்.

"பாட்ட மட்டும்தான் வித்தேன்னு நினைச்சேன், தாயி."

பிலோமினா போனை எடுத்து முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், பிறகு... உள்ளிய அப்படியே வைங்க, தண்ணி லாரி வந்துட்டுன்னு எங்க அத்தை கூப்பிடுதாக, குடத்தை எடுத்துட்டு வாரேன்.