இரண்டாவது டம்ளர்

“எல்லாருக்கும் ஒரு காபி, அவளுக்கு மட்டும் ரெண்டு காபியா?”

கோமளவல்லி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ஆசிரமத்து அடுக்களை அவள் பொறுப்பு. வயது ஐம்பத்து நாலு. எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரமத் தலைவி மாதாஜிக்கு முப்பத்திரண்டு. இந்தச் சின்ன வயசுக்கு நியாயம் தெரியுமா என்று கோமளவல்லிக்கு ஒரு சந்தேகம்.

‘அவள்’ என்றது பாத்திரம் துலக்கும் இந்திராணியை. ஆளுக்கு ஒரு டம்ளர்தான் என்பது ஆசிரமத்து விதி. மீறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்திராணிக்குப் போக வேறு இடமில்லை. காய்ச்சல் மாதிரி உடம்பு கதகதவென்று இருந்தது, அதனால் இன்னொரு டம்ளர் குடித்துவிட்டேன் என்று அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

வெள்ளைக்கார விருந்தாளிகள் வருவதால் அடுக்களைக்காரர்களுக்கு மாதாஜி தினமும் இங்கிலீஷ் சொல்லித்தருவாள். அன்றைக்குக் காபி, டீ, பால். பொதுவாகச் சொன்னால் எண்ணிக்கை கிடையாது, ‘சம் காபி’, கொஞ்சம் காபிதான். டம்ளரில் வந்துவிட்டால் ‘டூ காபீஸ்’ என்று எண்ணலாம்.

ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறுகிற விதி என்று கோமளவல்லிக்குத் தோன்றியது. இந்திராணியைத் தப்பவிடத்தான் இன்றைக்கு இந்தப் பாடமோ என்றும்.

“டம்ளர்லதான் குடிச்சா, மாதாஜி. நான் எண்ணினேன்.”

“நீங்க இன்னிக்கு எத்தனை, கோமளாம்மா?”

“ஒண்ணு.”

“காலைல, டிகாக்‌ஷன் இறங்கினதும்?”

“திக்கா இருக்கான்னு பார்த்தேன். கொஞ்சம்.”

“பால் சேர்த்தப்புறம்?”

“சர்க்கரை பார்க்க வேண்டாமா? கொஞ்சம்.”

“எல்லாருக்கும் கொடுத்து முடிஞ்சதும்?”

“அடியில நின்னது. கொட்டவா முடியும்? கொஞ்சம்.”

மாதாஜி ஒரு காலி டம்ளரை அவள் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

“அந்தக் கொஞ்சத்தையெல்லாம் இதுல ஊத்துங்க. எடுத்த அளவு.”

கோமளவல்லி சொம்பைச் சாய்த்தாள். நூல் மாதிரி விழுந்தது.

பக்கத்தில் நின்ற இந்திராணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமளவல்லி ருசி பார்க்கும் பாத்திரத்தைத் தினமும் துலக்குகிறவள் அவள்தான்.

கோமளவல்லி அதைக் கவனித்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மறுபடியும்.

தண்ணீர் டம்ளர் விளிம்பைத் தொட்டது. சொம்பு நின்றது.

மாதாஜி இரண்டாவது டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

கோமளவல்லி சொம்பை அப்படியே நீட்டினாள்.

“யாராவது இந்தச் சொம்பைக் கொஞ்சம் வாங்கிக்கோங்களேன்.”